கிட்டாருக்குக் கார் பெயின்ட்: மூடுபனி இறங்கும் நேரத்தில் ஸ்ப்ரே கன்னை எடுக்காதீர்கள்

போன மாதம் தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி, தானே செதுக்கிய கிட்டார் உடம்பைப் பழைய சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணே, பெயின்ட் கடையில ஏமாத்திட்டாங்க, பாருங்க." அவிழ்த்துப் பார்த்தேன். மெட்டாலிக் நீலத்துக்கு மேலே பாலாடை படிந்த மாதிரி வெள்ளை. என் முதல் கிட்டாரில் பூத்த அதே வெள்ளை. "எத்தன மணிக்குடா அடிச்ச?" என்று மட்டும் கேட்டேன். "டியூஷன் முடிஞ்சு வந்து... நாலு மணி இருக்கும்ணே."

மரத்தை இழைப்பது, புட்டி தேய்ப்பது எல்லாம் எந்த வீடியோவிலும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன். வேலையைக் கெடுக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். கார் பெயின்ட் அடிப்பதும் தவறில்லை. ஃபெண்டர் கம்பெனியே 1950களின் கடைசியில் டுபாண்ட் கார் நிறங்களைத்தான் கிட்டாருக்கு எடுத்தது. லேக் பிளாசிட் புளூ ஒரு கடிலாக்கின் நிறம். ஃபியஸ்டா ரெட் ஃபோர்ட் தண்டர்பேர்டிலிருந்து வந்தது.

மூடுபனியில் கிளியர் அடிப்பது

தின்னர் கையில் பட்டால் சில்லென்று இருக்கும், இல்லையா? பெயின்டிலிருந்து தின்னர் பறக்கும்போது அடித்த பரப்பும் அப்படித்தான் குளிர்ந்து போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், அந்தக் குளிர்ச்சியில் தண்ணீர் ஈரமான கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் கண்ணாடி மாதிரியான பூச்சு) மேலேயே படிந்துவிடும். என்.சி. கிளியர், அதாவது தின்னர் பறந்தே காயும் நைட்ரோசெல்லுலோஸ் கிளியர், வெளுப்பது இதனால்தான்.

எனக்கு இது ஹட்டனில், ஓர் ஆகஸ்டில் நடந்தது. லயத்துக்குப் பின்னால் மாமாவின் கொம்ப்ரஷர். காலையில் நீலம் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. சாப்பிட்டுவிட்டுக் கிளியரை ஆரம்பித்தேன். இரண்டு மணிக்கே மாமா சொன்னார்: "மலைய பாரு, எறங்குது. நிப்பாட்டு." இன்னும் ஒரு கோட்தானே என்று நான் நிறுத்தவில்லை. மூன்று மணிக்கு எதிர் மலைத் தேயிலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் என் நீலமும் மறைந்தது.

அப்புறம் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். மேல்தோல் முதலில் இறுகியது. அடியில் சிக்கிய தின்னர் அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. உடம்பெல்லாம் ஊசித் துளை. மறுநாளே வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன், ஓரத்தில் கிளியரைத் தாண்டி நிறமே போய்விட்டது. சாதாரண நிறமென்றால் தொட்டுச் சரிக்கட்டலாம். மெட்டாலிக்கில் முடியாது, அலுமினியத் துகள் படுக்கும் விதம் மாறி, அந்த இடம் மட்டும் தேமலாகத் தெரியும். கடைசியில் மரம் தெரியும்வரை சுரண்டினேன். மூன்று வாரம் வீண். பெயின்ட் காசைவிட, மாமா சொன்னதைக் கேட்காததுதான் இன்றும் எரிச்சல்.

இப்போது வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மதியத்துக்குள் கன்னைக் கழுவி வைத்துவிடுவேன். ஓர் ஈரப்பத மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 70 சதவீதம் காட்டினால் நான் தொடவே மாட்டேன். மரம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. இரவெல்லாம் குளிர்ந்த அறையில் கிடந்த உடம்பை எடுத்தவுடன் அடிக்காதீர்கள். ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச் நல்லது. இங்கே மழை கொட்டும் ஜூன், ஜூலையில் பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும்; அங்கே சொந்தக்காரர் இருந்தால் அதிர்ஷ்டம்.

வெளுத்துவிட்டால் பதறித் தேய்க்க வேண்டாம். ஒரு காய்ந்த நாளில் ரிட்டாடர் தின்னரை (மெதுவாகப் பறக்கும் தின்னர்) லேசாகத் தூவினால் பல சமயம் வெள்ளை போய்விடும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ கே கிளியர் இப்படி வெளுக்காது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். ஈரம் அதன் ஹார்டனரோடும் சேர்ந்து வாயுவை உண்டாக்கும், குமிழி வரும்.

கொம்ப்ரஷர் தொட்டித் தண்ணீர்

அடிக்குமுன் திறந்து வடித்துவிடுங்கள். நம் ஊரில் அரைக் கோப்பையாவது வரும்.

துணி மாஸ்க்கோடு டூ கே

கூடவே கூடாது. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், துணி அதைத் தடுக்காது. அறையும் காற்றுக் குழாய் மாஸ்க்கும் வைத்திருக்கும் பெயின்ட் பாஸிடம் கொடுத்து, கிளியரை மட்டும் அடித்து வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அதைத்தான் செய்கிறேன்.

கழுத்துக் குழிக்குள் பெயின்ட்

டேப் ஒட்டுங்கள். இல்லையென்றால் கழுத்து உள்ளே போகாது.

பெயின்டுக்குப் பிறகு துளை

முன்னாலேயே போடுங்கள்.

தம்பியின் நீல உடம்பு என் அலமாரி மேல் கிடக்கிறது. ரிட்டாடர் வாங்கி வைத்து ஒன்பது நாளாகிறது. இன்றைக்கும் காலையிலிருந்தே தூறல்.