ஊசி போன வழியெல்லாம் குழாய் போகாது: எண்டோஸ்கோபி பழகும் வலி மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலி மருத்துவர்களுக்கு ஊசி கைவந்த கலை. சி-ஆர்ம் (அரங்கில் உடனுக்குடன் எக்ஸ்-ரே காட்டும் கருவி) படத்தைப் பார்த்தபடி நினைத்த இடத்தில் முனையை நிறுத்திவிடுவார்கள். முதுகில் சிறு குழாயை இறக்கி, கேமராவில் பார்த்தபடி நரம்பை நசுக்கும் டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை) துண்டை எடுக்கும் முதுகுத்தண்டு எண்டோஸ்கோபியைப் பழக வரும்போது அந்தக் கைப்பழக்கமே காலை வாருகிறது. வலது இடது மாறுவது, டிஸ்க்கைத் தப்பாக எண்ணுவது போன்ற தவறுகளை இங்கே பேசப்போவதில்லை. அவற்றுக்கு அறுவை அரங்கிலேயே சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது.

பழகிய இடத்துக்கே போவது

முள்ளெலும்புகளுக்கு நடுவே நரம்பு வெளியேறும் துளை வழியாக ஸ்டீராய்டு போடும்போது ஊசி பொதுவாகப் பெடிக்கிளுக்கு (முள்ளெலும்பின் உடலையும் பின்பகுதியையும் இணைக்கும் எலும்புத் தூண்) நேர் கீழே, துளையின் மேல்பகுதிக்குப் போகும். வெளியேறும் நரம்பு ஓடுவதும் அங்கேதான். மருந்து நரம்பைச் சுற்றிப் பரவ வேண்டும் என்பதால் அந்த வேலைக்கு அது சரி. எண்டோஸ்கோப்புக்கு வேண்டியது துளையின் கீழ்ப்பகுதியில் உள்ள 'காம்பின்' (Kambin) என்ற மருத்துவரின் பெயர் கொண்ட முக்கோணம்: சாய்கோட்டில் வெளியேறும் நரம்பு, அடியில் கீழ் முள்ளெலும்பின் மேல்தட்டு, உட்பக்கம் டியூராவும் (நரம்புகளை மூடிய உறை) கீழே இறங்கும் நரம்பும். ஆண்டுக்கணக்கில் ஊசி போட்ட கை, சொல்லச் சொல்ல மேலேதான் ஏறும்.

18 கேஜ் ஊசியின் விட்டம் ஏறத்தாழ 1.2 மி.மீ. அது உரசினால் நரம்பு பெரும்பாலும் நழுவிக்கொள்ளும். அதே பாதையில் 7–8 மி.மீ. வேலைக்குழாய் இறங்கினால் நழுவ இடமில்லை. குழாய்க்கும் பெடிக்கிளுக்கும் நடுவே நசுங்கும். எரிச்சலூட்டுவது என்னவென்றால், திரையில் எல்லாம் அழகாகவே இருக்கும். டிஸ்க் துண்டு வெளியே வரும், நோயாளி எழுந்து நடப்பார், எல்லோரும் கைகுலுக்குவார்கள். சில நாளில் போர்வை பட்டாலே காந்தும். எல் 4–5 (இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள) டிஸ்க்கால் வந்த பழைய வலி காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பெருவிரலில் முடிந்திருக்கும். புது எரிச்சலோ முழங்காலிலும் கீழ்க்காலின் உட்புறத்திலும். அது எல் 4-இன், அதாவது அந்தத் துளையில் வெளியேறும் நரம்பின் பகுதி. டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழாய் போட்ட கோடு அது.

பாதையை எம்.ஆர்.ஐ. குறுக்குவெட்டில் முன்கூட்டியே வரையுங்கள். எல் 4–5-க்குத் தோலில் நுழையும் இடம் உடல்வாகைப் பொறுத்து நடுக்கோட்டிலிருந்து 10–14 செ.மீ. தள்ளி அமையும். முதலில் கீழ் முள்ளெலும்பின் ஃபேசட் (பின்பக்க மூட்டு) முனையில் ஊசி எலும்பைத் தொடட்டும். பிறகு அதன் முன்பரப்பை ஒட்டியே வழுக்கிக்கொண்டு உள்ளே போங்கள். டிஸ்க்கின் வெளியுறையைத் தொடும்போது, பக்கவாட்டுப் படத்தில் முள்ளெலும்பு உடலின் பின்கோட்டிலும், நேர்ப் படத்தில் பெடிக்கிளின் உட்கோட்டருகிலும் முனை இருக்க வேண்டும். நேர்ப் படத்தில் உட்கோட்டைத் தாண்டியும் பக்கவாட்டில் பின்கோட்டை எட்டவில்லையா? முனை முதுகெலும்புக் கால்வாய்க்குள் போய்விட்டது. இதுவே தலைகீழாக இருந்தால் கோணம் செங்குத்து. நுழைவிடத்தை இன்னும் வெளியே தள்ளுங்கள். துளை குறுகலா, ஃபேசட் முனையின் முன்பக்கத்தை ரீமராலோ பர்ராலோ சீவி இடம் பண்ணுங்கள். சுத்தியலால் இடம் பண்ணாதீர்கள்.

இதற்கு மேல் ஒரு தவறு ஏறும். டைலேட்டர் (பாதையை அகலமாக்கும் குழல்) இறங்கும்போது நோயாளி "கால் சுண்டி இழுக்குது டாக்டர்" என்பார். பழகுபவர் மயக்க மருத்துவர் பக்கம் திரும்பி "கொஞ்சம் கூட்டுங்க" என்பார். நோயாளியை விழித்திருக்க வைப்பதே அவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே! அதைக் கேட்டதும் செய்ய வேண்டியது, நிறுத்துவது, பின்னே இழுப்பது, பாதத்தை நோக்கிக் கோணத்தைத் தாழ்த்துவது. துளைக்குள் 2 சதவீத லிக்னோகெய்னைத் தாராளமாக ஊற்றுவதும் இதே தவறின் இன்னொரு முகம். நரம்பு மரத்துவிட்டால் எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

கைடுவயரை மறப்பது

டைலேட்டரைத் தள்ளும்போது, அதற்கு வழிகாட்டும் கம்பியும் (கைடுவயர்) கூடவே போகும். டிஸ்க்கின் முன்பக்கம் பெரிய ரத்தக்குழாய்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு பக்கவாட்டுப் படம்.

"கழுத்து வலிக்குது"

கழுத்துவலி, தலைவலி என்று நோயாளி சொன்னால் படுக்கையைக் குறை சொல்லாதீர்கள். பார்வை தெளிய உள்ளே ஓடவிடும் சலைன் வெளியேறும் வழி அடைபட்டு எபிடூரல் (டியூராவைச் சுற்றிய இடத்தின்) அழுத்தம் ஏறியிருக்கலாம். விட்டால் வலிப்பு வரை போகும். உள்வரத்தை நிறுத்துங்கள், வெளிவழியைத் திறந்துவிடுங்கள், பம்ப் அழுத்தத்தைக் குறையுங்கள்.

கேமராவைத் திருப்புவது

திருப்ப வேண்டியது எண்டோஸ்கோப்பை. கேமரா தலை நிமிர்ந்தபடியே இருக்கட்டும். அது சுழன்றால் தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்பதே குழம்பிவிடும்.

மெத்திலீன் புளூ

டிஸ்க்குக்கு நிறமேற்றும் இந்த நீலச் சாயம் டியூராவுக்குள் கசிந்தால் நரம்புக்கு நஞ்சு. வேண்டாம்.

எல் 5–எஸ் 1

இந்த அடிமட்ட டிஸ்க்கில், இடுப்பெலும்பு உயரமாக இருந்தால் பக்கவாட்டில் மல்லுக்கட்டாதீர்கள். பின்பக்கமாக, லேமினாக்களுக்கு (முள்ளெலும்பின் பின்தட்டுகள்) இடையே போங்கள்.

வெறும் முதுகுவலிக்கு டிஸ்க்கைத் தோண்டுவது

கால்வலியும் படத்தில் தெரியும் நசுக்கமும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் டிஸ்க் துண்டை எடுப்பதில் பொருள் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் கறுத்த டிஸ்க் வலியில்லாதவர்களிடமும் உண்டு.

துண்டை எண்ணி நிறுத்துவது

கிண்ணத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்காதீர்கள். சலைன் வரத்தைக் குறைத்துவிட்டு நரம்பைப் பாருங்கள்: இதயத் துடிப்போடு சேர்ந்து அசைகிறதா? நோயாளியை இருமச் சொன்னால் தடையின்றி நகர்கிறதா? அசையவில்லை என்றால் துண்டு இன்னும் உள்ளே இருக்கலாம், குழாயை எடுக்காதீர்கள்.