பிஎச்டி கைடைத் தேடும்போது பேராசிரியரின் பக்கத்தை எப்படிப் படிப்பது?

கல்லூரித் தளத்தில் 'ஆர்வமுள்ள துறைகள்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீங்க. பலர் அதைச் சேர்ந்த புதிதில் எழுதியதோடு சரி, அப்புறம் தொடுவதே இல்லை. கூகுள் ஸ்காலரில் பெயரைப் போட்டு, ஆண்டு வரிசையில் அடுக்கி, கடைசி 3 ஆண்டுகளில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்க. இப்போதைய ஆர்வம் அங்கேதான் தெரியும்.

கணினித் துறை என்றால் டிபிஎல்பி (அந்தத் துறைக் கட்டுரைகளைப் பட்டியலிடும் தளம்) இன்னும் சுத்தமாக இருக்கும். இந்தத் துறையில் நல்ல மாநாட்டுக் கட்டுரைக்கு ஆய்விதழுக்குச் சமமான மதிப்பு உண்டு, சில பிரிவுகளில் கூடுதலாகவே. மேலாண்மைத் துறையில் அப்படி இல்லை, ஆய்விதழ்தான் கணக்கு, அதுவும் ஆய்விதழ்களைத் தரம் பிரிக்கும் ஏபிடிசி பட்டியலில் ஏ ஸ்டாரா, ஏயா, பியா, சியா என்று பார்ப்பார்கள். ஆகவே இரண்டு துறைக்காரர்களின் கட்டுரை எண்ணிக்கையை ஒப்பிடுவது வீண் வேலை.

அடுத்து சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் தளம். அந்தப் பேராசிரியரிடம் பிஎச்டி முடித்தவர்களின் ஆய்வேடுகள் பெரும்பாலும் அங்கே கிடைக்கும், ஒன்றையாவது புரட்டுங்க.

கடைசியாக இடம் இருக்கிறதா என்று கேளுங்க. யுஜிசியின் 2022 விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது.