வைரஸ் எந்தச் செல்லில் தொற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் முதுகலை மாணவர்களுக்கு வைரஸ் வளர்ப்புச் செய்முறையைக் கற்றுத்தருகிறேன். குடுவையில் பூஞ்சை படர்வது போன்ற பிழைகளை அவர்களே ஒரு வாரத்தில் திருத்திக்கொள்வார்கள். வைரஸின் எந்த மரபணு அதற்கான செல்லைத் தீர்மானிக்கிறது என்று ஆராயும்போது நான் செய்து, இன்று அவர்களும் செய்கிற பிழைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஏற்பி இருந்தால் போதும் என்று நம்புவது

ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் வைரஸ் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு. எச்.ஐ.வி. பற்றும் மனித சி.டி.4 ஏற்பியை எலிச் செல்லில் வைத்தும் எச்.ஐ.வி. உள்ளே நுழையவில்லை. சி.சி.ஆர்.5, சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் துணை ஏற்பிகள் 1996-இல்தான் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் எதைப் பற்றுவது என்பதை வைரஸின் உறைப்புரதத்துக்கான என்வ் மரபணுவில் வி3 என்னும் பகுதி பெரிதும் தீர்மானிக்கிறது.

டிரிப்சினை மறப்பது

எங்கள் அப்பத்தா வீட்டுப் பின்கட்டில் வளர்ந்த நாட்டுக்கோழிகள் சில கோடைகளில் கழுத்து திருகி, வெள்ளையாகக் கழிந்து, இரண்டொரு நாளில் செத்துவிழும். அந்த வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டாக விடும் லசோட்டா தடுப்பு மருந்திலும் அதே இனத்தைச் சேர்ந்த உயிருள்ள வைரஸ்தான் இருக்கிறது. இரண்டும் பற்றுவது செல்லின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரையையே. முக்கிய வேறுபாடு எஃப் மரபணுவில் இருக்கிறது: அதன் புரதம் வெட்டுப்பட்டால்தான் வைரஸ் செல்லுடன் இணைய முடியும். கொல்லும் வகையின் வெட்டிடத்தில் ஆர்ஜினின், லைசின் என்னும் அமினோ அமிலங்கள் நெருங்கி நிற்பதால், உடலெங்கும் உள்ள ஃபூரின் நொதி அதை வெட்டிவிடுகிறது. லசோட்டாவின் வெட்டிடத்துக்கு மூச்சுக்குழாயிலும் குடலிலும் கிடைக்கும் டிரிப்சின் போன்ற நொதிகள் வேண்டும்.

இதைப் பாடமாகப் படித்திருந்தும், முட்டையில் வளர்த்த லசோட்டாவைக் கோழிக்கரு நார்ச்செல்களில் இட்டு, தகடுகளில் பிளேக் (வைரஸ் பரவிச் செல்கள் செத்து விழும் ஓட்டை) ஒன்றும் தோன்றாததைக் கண்டு, இந்தச் செல்லில் ஏற்பி இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியை நம்பி மூன்று மாதம் ஏற்பியைத் தேடினேன். தொற்றிய செல்லைக் காட்டும் ஒளிர்சாயத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனிச்செல்கள் பச்சையாக மின்னியதையும் சாயக் கறை என்று ஒதுக்கினேன். முட்டைத் திரவத்திலேயே வெட்டுப்பட்டு வந்த வைரஸ் முதல் செல்லில் நுழைந்துவிட்டது; அங்கே பிறந்த வைரஸ்களின் எஃப் புரதம் வெட்டுப்படாததால் அடுத்த செல்லுக்குப் பரவ வழியில்லை. டிரிப்சின் சேர்த்த பிறகும் முதல் முறை பிளேக் வரவில்லை, ஏனெனில் ஊடகத்தில் மிச்சமிருந்த கன்றுச் சீரம் அந்த டிரிப்சினை முடக்கியிருந்தது. சீரத்தை இரண்டு முறை கழுவிய பின்னரே தகட்டில் ஓட்டைகள் விழுந்தன. சென்ற மாதமும் ஒரு மாணவர் கழுவாமல் டிரிப்சின் ஊற்றினார். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

போலி வைரஸின் ஒளிர்வைத் தொற்று என்பது

போலி வைரஸ் என்பது வேறொரு வைரஸின் கூட்டில் நாம் ஆராயும் வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைப் பொருத்தியது. அதன் ஒளிர்வு செல்லுக்குள் நுழைவதை மட்டுமே காட்டும்; உள்ளே பெருகிப் பரவுகிறதா என்பதைக் காட்டாது.

ஒரே செல்வகையில் வளர்த்துக்கொண்டே போவது

வீரோ ஈ6 என்னும் குரங்குச் சிறுநீரகச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்த சார்ஸ்-கோவ்-2 என்னும் கோவிட் வைரஸில், அதன் மேற்பரப்புப் புரதமான ஸ்பைக்கின் ஃபூரின் வெட்டிடத்தை இழந்த வகைகள் பெருகின. ஆகவே எத்தனையாவது பாசேஜ் (புதிய செல்களுக்கு மாற்றி வளர்த்த சுற்று) என்பதைக் குப்பியின் உடலில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் உறைபெட்டியருகே அவசரத்தில் மூடிகள் மாறிவிடும்.