சீனத் தலைவரோட பயோடேட்டாவ படிக்கிறது எப்படி

சீன அரசியல்வாதி ஒருத்தரோட பதவி லிஸ்ட்ட பார்த்தா நமக்கு தலையும் புரியாது வாலும் புரியாது, அதனால இப்போ பிரதமரா இருக்குற லி சியாங்கையே எடுத்துக்கிட்டு பாப்போம்.

மொதல்ல கட்சிப் பதவிய பாருங்க, அரசாங்கப் பதவிய அப்புறம் பாத்துக்கலாம். 2013ல செஜியாங் மாகாண ஆளுநர்னு இருக்கும், பெரிய ஆளுன்னு நினைப்போம், ஆனா அங்க கட்சிச் செயலாளர்தான் நம்பர் ஒன்னு, ஆளுநர் ரெண்டாவது. 2016ல ஜியாங்சு கட்சிச் செயலாளர் ஆனாரு பாருங்க, அதுதான் நிஜமான புரமோஷன். 2017ல ஷாங்காய்.

அடுத்து, யார் கீழ வேலை பாத்தாருன்னு தேடுங்க. இதத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. 2004லேர்ந்து செஜியாங் கட்சி கமிட்டியோட தலைமைச் செயலாளர், 2007 வரைக்கும் அங்க கட்சிச் செயலாளர் யாருன்னா ஷி ஜின்பிங்! பாஸோட ஃபைலு, மீட்டிங்கு எல்லாம் பாக்குற வேலை, சும்மா இல்ல.

கடைசியா, வழக்கமா இருக்க வேண்டியது எது இல்லன்னு பாருங்க. இவரு துணைப் பிரதமராவே இருந்ததில்ல, 2022ல ஷாங்காய் லாக்டவுன்ல ஜனங்க சாப்பாட்டுக்கே திண்டாடி அவ்ளோ கெட்ட பேரு, ஆனாலும் அதே வருஷம் அக்டோபர்ல, கட்சியோட உச்ச அதிகாரக் குழுவான நிலைக்குழுவோட அறிமுகத்துல ஷிக்கு அடுத்து ரெண்டாவதா நடந்து வந்தாரு. நடந்து வர்ற வரிசைதாங்க ரேங்க்கு. 2023 மார்ச்ல பிரதமர்.