மூங்கிலும் மரமும் ஒட்டி வில் செய்வது எப்படி?

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம், அதாவது முதுகு, இழுபடும். உங்களைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் நசுங்கும். இழுபடுவதைத் தாங்குவதில் மூங்கில் கெட்டிக்காரன். அதனால் முதுகுக்கு மூங்கில், வயிற்றுக்கு ஹிக்கரி, மேப்பிள் மாதிரி கடின மரம். பலகையில் முடிச்சு கூடாது. ரேகை முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். அழகுக்காக ரேகை வளைந்த பலகையை எடுத்தால் வில் அங்கேதான் முறியும்.

நாணை 28 அங்குலம் இழுப்பவருக்கு 68 அங்குல நீளம் வைத்துக்கொள்ளுங்கள். இழுவிசை 30 முதல் 35 பவுண்டு இருந்தால் முதல் வில்லுக்குத் தாராளம்.

நன்றாக உலர்ந்த பருமனான மூங்கிலில் ஒன்றரை அங்குல அகலப் பிளாச்சு எடுத்து, உட்பக்கத்தை இழைத்துத் தட்டையாக்குங்கள். நடுவில் 3 மி.மீ., நுனியில் அதில் பாதி. வெளிப்பக்கம் பளபளப்பை மட்டும் சுரண்டலாம். உரமான நார் எல்லாம் தோலுக்குக் கீழேயே இருக்கிறது. கணுக்களையும் சமமாக்க வேண்டாம். வயிற்றுக்கான மரப்பலகை அதே நீள அகலத்தில், நடுவில் 12 மி.மீ., நுனியில் 9 மி.மீ.

ஒட்டும் பரப்புகளை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். மெதுவாக இறுகும் எபாக்ஸி பசைதான் வேண்டும், ஐந்து நிமிட வகை ஆகாது. கையுறை போட்டு இரண்டு பரப்பிலும் தடவிச் சேர்த்து, மூங்கில் மேலே இருக்கும்படி பலகையில் வையுங்கள். நுனிகளுக்கு அடியில் ஒன்றரை அங்குலக் கட்டை கொடுத்து, நடு எட்டு அங்குலம் தட்டையாகப் படியும்படி கிளாம்ப் போடுங்கள். மற்ற இடங்களில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று. ரொம்ப இறுக்கினால் பசை முழுக்க வெளியே போய்விடும். ஒரு நாள் விடுங்கள். அப்புறம் வயிற்றுப் பக்கம் நடுவில் பிடிக்கட்டையை ஒட்டி, அதன் இரு முனைகளையும் சரிவாக இழையுங்கள்.

நடுக்கோடு போட்டு, நுனி அரை அங்குலமாகக் குறுகும்படி பக்கங்களைச் செதுக்குங்கள். நாண் பள்ளத்தை உருண்டை அரத்தால் பக்கவாட்டில் மட்டும் ராவ வேண்டும். மூங்கிலின் குறுக்கே அரம் போகக் கூடாது.

இதுவரை செய்தது வெறும் குச்சி. வளைவைச் சமன் செய்வதில்தான் அது வில்லாகிறது. அவசரக்காரர்கள் உடைப்பதும் இங்கேதான். பிடியைச் சுவர்த் தாங்கியில் வைத்து, தளர்ந்த நீள நாண் கட்டி, கப்பியும் கயிறும் கொண்டு தள்ளி நின்று கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். விறைப்பான இடத்தில் பென்சிலால் குறித்து, வயிற்றுப் பக்கத்தை மட்டும் சுரண்டுங்கள். அதிகம் வளையும் இடத்தைத் தொடாதீர்கள், அதைச் சுற்றியுள்ள இடங்களை இளக்குங்கள். சுரண்டியதும் முடிவு தெரியாது. இருபது முப்பது முறை சின்னதாக இழுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கயிற்றில் மாட்டிய தராசு 35 பவுண்டு காட்டினால், 15 அங்குலம்தான் வந்திருந்தாலும் சரி, அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

வில்லின் இரு கைகளும், அதாவது பிடிக்கு இரு பக்கமும் உள்ள பாதிகள், ஒரே மாதிரி வளைந்ததும் டேக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாணை, பிடிக்கும் நாணுக்கும் ஆறு அங்குல இடைவெளி இருக்கும்படி பூட்டி, 27 அங்குலம் வரை இதையே தொடருங்கள். மிச்சத்தை உப்புத்தாளும் முதல் சில அம்புகளும் பார்த்துக்கொள்ளும். விளிம்புகளை உருட்டி வார்னிஷ் அடியுங்கள். அம்பு இல்லாமல் நாணை ஒருபோதும் விடாதீர்கள். மூங்கில் முதுகில் சிலாம்பு கிளம்பினால், அந்த வில்லை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.