தலைப்பு வைக்கும் முன் பாட்டை எண்ணுங்கள்

'சங்க இலக்கியத்தில் பெண்கள் - ஓர் ஆய்வு.' இப்படியொரு தலைப்போடு நெறியாளர் முன் வந்து நிற்பவர்களுக்குத் தமிழ்த் துறைகளில் பஞ்சமே இல்லை. சங்க இலக்கியம் என்றால் 2381 பாடல்கள். தலைவி, தோழி, செவிலி, பரத்தை, விறலி, போதாக்குறைக்குப் பெண்பாற் புலவர்கள் என்று எங்கே திரும்பினாலும் பெண்கள்தான். முனைவர் பட்டத்துக்கு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தருவது குறைந்தது 3, கூடினால் 6 ஆண்டு. அதற்குள் எல்லாரையும் தொட்டுவிடலாம். யாரைப் பற்றியும் புதிதாக ஒரு வரி தேறாது. பின்னால் 'ஓர் ஆய்வு' என்று ஒட்டினால் எல்லை வந்துவிடுமா?

இதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. ஐங்குறுநூற்று மருதத்தில் 21 முதல் 30 வரை களவன் பத்து. களவன் என்றால் நண்டு. அருமையான பாடல்கள்தாம், ஆனால் மொத்தமும் அறுபது அடியைத் தாண்டாது. ஒரு நல்ல கட்டுரைக்குப் போதும். இயல் இயலாக இழுத்தால் மூன்றாம் இயலில் நண்டின் உயிரியல் வந்து உட்கார்ந்துவிடும்.

சரி, நண்டை விடவேண்டாம், கேள்வியை மாற்றுவோம். களவன் பத்தில் வயலைக் கொடியை அறுப்பது நண்டு, குத்திக்காட்டப்படுவது தலைவன். நெய்தலுக்குப் போனால் அதே நண்டு, அலவன் என்ற பெயரில், மணலில் பெண்கள் ஓட்டி விளையாடும் உயிர். திணை மாறினால் நண்டின் வேலை ஏன் மாறுகிறது? இப்போது படிக்கவேண்டியதை எண்ணிவிடலாம். அகநானூற்றில் 6, 16, 26 என வருபவை மருதம்; 10, 20, 30 என வருபவை நெய்தல். தலா 40. ஐங்குறுநூற்றில் மருதம் 100. நெய்தலில் 129, 130 கிடைக்கவில்லை, ஆக 98. மொத்தம் 278. போதவில்லையென்றால் நற்றிணை, குறுந்தொகை இருக்கின்றன.

'இக்கால நாவல்கள்' என்று ஆண்டு போடாமல் விடுவதும், முதலில் பார்த்த எல்லையில்லாத் தலைப்பைப் போன்ற தவறுதான். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் நீங்கள் எடுத்த அதே தலைப்பு இருந்தால் உடனே கைவிடுவது இன்னொன்று. அந்த ஆய்வேட்டை எழுதியவர் கேட்ட கேள்வி வேறாக இருக்கலாம், திறந்து பாருங்கள்.

பதிவு செய்யும் முன் அகநானூற்று மருதம் 40ஐயும் ஒரு வாரம் வாசித்து, நண்டு வரும் இடங்களைக் குறியுங்கள். இரண்டு மூன்றுதான் தேறுகிறதென்றால் நாரையையும் மீனையும் சேர்த்துக்கொள்ள அப்போது வழியிருக்கும். பதிவான தலைப்பை மாற்ற அலைவது தனிப் பாடு.