டே லில்லி: வளர்ப்பதிலும் சமைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் மாடித் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் பலரிடம் இப்போது டே லில்லி இருக்கிறது. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்து மொட்டைமாடிகளில் செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே ஒரு தொட்டியில் ஆரஞ்சு நிறத்திலோ மஞ்சளிலோ பூத்து நிற்கும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. மறுநாள் அதே தண்டில் அடுத்த மொட்டு விரியும்.

இதன் மொட்டைச் சமைத்துச் சாப்பிடலாம் என்று கேள்விப்பட்டதும் ஆசை வருவது இயல்பு. வேப்பம்பூ ரசம், முருங்கைப்பூ பொரியல், வாழைப்பூ வடை என்று சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் பூ என்றால் சாமிக்கும் தலைக்கும் மட்டுமில்லை. சீனாவில் டே லில்லி மொட்டைப் பல நூற்றாண்டுகளாகச் சமைக்கிறார்கள். ஷான்சி மாகாணத்தில் தாத்தோங் நகரைச் சுற்றி இதை வயல் வயலாகவே பயிரிடுகிறார்கள். ஆக, ஆசையில் தவறில்லை. ஆனால் வளர்ப்பில் தவறு செய்தால் பூதான் போகும். செடியை அடையாளம் காண்பதில் தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லில்லி என்ற பெயரை நம்புவது

நர்சரிக்காரர் வாயில் லில்லி என்பது ஒரு செடியின் பெயரே இல்லை. ரெயின் லில்லி, ஸ்பைடர் லில்லி, ஃபுட்பால் லில்லி, அமரில்லிஸ் எல்லாம் அவருக்கு லில்லிதான். இவை நான்கும் அமரில்லிஸ் குடும்பம். இவற்றின் கிழங்கில் லைக்கோரின் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டு. தின்றால் வாந்தியும் பேதியும் நிச்சயம். வீட்டுக்குள் வைக்கும் பீஸ் லில்லியும், வெள்ளைப் புனல் வடிவில் பூக்கும் காலா லில்லியும் சேம்புக் குடும்பம். கடித்தால் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் குத்தி வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். பூங்கொத்துக் கடையில் விற்கும் ஆசியாடிக், ஓரியண்டல் லில்லிகள் வேறொரு இனம். டே லில்லிக்கு இவற்றில் எதோடும் நெருங்கிய உறவு கிடையாது. அது ஹெமரோகாலிஸ் என்கிற தனி இனம், சோற்றுக்கற்றாழை சேர்ந்திருக்கும் குடும்பத்தில் வருவது.

தமிழர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். செங்காந்தளை ஆங்கிலத்தில் குளோரி லில்லி என்கிறார்கள். நம் ஊரில் கண்வலிக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு என்று சொல்வதும் இதைத்தான். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. திண்டுக்கல், திருப்பூர் பக்கம் மருந்துக்காக விதைக்குப் பயிரிடுகிறார்கள். இதில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற நச்சு கொஞ்சம் உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கும், கிழங்கு மிகவும் கொடியது. ‘ஏதோ ஒரு லில்லி, சாப்பிடலாமாம்’ என்ற அரைகுறைச் செய்தி ஒரு வீட்டில் இந்தச் செடியிடம் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பூவை மட்டும் போனில் படம் பிடித்து ஆப்பில் போட்டுப் பார்ப்பது போதாது. டே லில்லிக்கும் ஆசியாடிக் லில்லிக்கும் ஆறு இதழ், ஆறு மகரந்தத் தண்டு. பூவைப் பார்த்து ஏமாறுவது சுலபம். பூவை விட்டுவிட்டு மற்ற மூன்றைப் பாருங்கள்.

முதலில் இலை. டே லில்லியின் இலைகள் நீளமான பட்டைகளாக, மண்ணிலிருந்தே இரண்டு வரிசையில் எதிரெதிராகக் கிளம்பி விசிறியாக விரியும். அடுத்து பூத்தண்டு. அது இலைக்கொத்தின் நடுவிலிருந்து தனியாக எழும். அதன்மேல் ஒழுங்கான இலை எதுவும் இருக்காது, உச்சியில் கிளைத்து மொட்டுகளைத் தாங்கும். தண்டு நெடுக இலை இருந்தால் அது டே லில்லி இல்லை. இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகப் பக்கத்துச் செடியைப் பிடித்தால் அது செங்காந்தள். கடைசியாக வேர். இதுதான் சந்தேகத்தைத் தீர்க்கும். தொட்டியிலிருந்து செடியை மெதுவாக எடுத்து மண்ணை உதறினால், சதைப்பிடிப்பான வேர்கள் கொத்தாகத் தொங்கும், சில இடங்களில் புடைத்தும் இருக்கும். வெங்காயம் போன்ற கிழங்கு இருக்கவே இருக்காது.

லால்பாக் பக்கத்துச் சித்தாபுரா நர்சரிகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். “அண்ணா, இது சாப்பிடுற லில்லியா?” என்று கேட்டால் உங்களைத் திருப்திப்படுத்த ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். “அடியில கிழங்கா, வேரா?” என்று கேளுங்கள். “கிழங்குதாம்மா, வெங்காயம் மாதிரி” என்று பதில் வந்தால் அந்தச் செடி அழகுக்கு மட்டும்தான்.

வாங்கிய வாரமே பறித்துச் சமைப்பது

நர்சரியில் பூச்செடிக்கு அடிக்கும் மருந்து காய்கறிக்கு அடிக்கிற கணக்கில் இருக்காது. இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளை வேர் உறிஞ்சி இலை, மொட்டு என்று செடி முழுக்கக் கொண்டுபோகும். மேலே கழுவினால் போகாது. அதனால் புதிதாக வாங்கிய செடியின் முதல் பருவப் பூவைக் கண்ணால் மட்டும் ரசியுங்கள். பழைய மண்ணை உதறி, நல்ல கலவையில் மாற்றி நட்டு, அடுத்த பருவத்தில் வரும் மொட்டைச் சமையலுக்கு எடுங்கள். பூங்கொத்தில் வந்த பூ, சாலை நடுவில் மாநகராட்சி வைத்த பூ இரண்டும் சமையலறைக்குள் வரவே கூடாது.

ரகத்திலும் கவனம் தேவை. டே லில்லியில் பதிவான கலப்பின ரகங்கள் மட்டும் எண்பதாயிரத்துக்கு மேல். ஆனால் பரம்பரையாகச் சாப்பாட்டில் இருப்பவை ஆரஞ்சு நிற ஹெமரோகாலிஸ் ஃபுல்வா, எலுமிச்சை மஞ்சளில் மாலையில் விரியும் ஹெமரோகாலிஸ் சிட்ரினா போன்ற சில இனங்கள்தான். இரட்டை நிறம், சுருள் விளிம்பு என்று வரும் நவீன ரகங்களை யாரும் சாப்பாட்டுக்காக உருவாக்கவில்லை. சமையலுக்குத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் சாதாரண ஆரஞ்சோ மஞ்சளோ போதும்.

ஆன்லைனில் நீல நிற டே லில்லி விதை என்று படம் போட்டு விற்கிறார்கள். உண்மையான நீலத்தில் டே லில்லியே கிடையாது. காசைக் கொடுக்காதீர்கள். கலப்பின விதையை முளைக்க வைத்தாலும் தாய்ச்செடி மாதிரி வராது. பரவலாகக் கிடைக்கும் ஆரஞ்சு ஃபுல்வா பெரும்பாலும் விதையே வைக்காத வகை. கொத்திலிருந்து வேரோடு பிரித்த ஒரு விசிறி இலைக்கொத்தை வாங்குவதுதான் சரி.

குளிர்நாட்டு ஆலோசனையை அப்படியே பின்பற்றுவது

இந்தச் செடியைப் பற்றிய வீடியோக்களில் பெரும்பாலானவை பனி விழும் ஊர்களிலிருந்து வருகின்றன. டே லில்லியில் குளிர்காலத்தில் இலை முழுக்கக் காய்ந்து உறங்கும் வகை ஒன்று, வருஷம் பூராவும் பச்சையாக இருக்கும் வகை ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், டிசம்பர், ஜனவரி இரவிலும் சராசரியாக 15 டிகிரி அளவில்தான் நிற்கும். உறங்கும் வகைக்கு இந்தக் குளிர் பத்தாது; வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே போகும். எப்போதும் பச்சையாக இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் இலை தளதளவென்று வரும், பூ வராது. நடும்போது வேரும் இலையும் சேரும் கழுத்துப்பகுதி இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் மண்ணுக்குள் போகக் கூடாது. ஆழமாகப் புதைத்தால் பூ குறையும், மழையில் கழுத்தும் அழுகும். நம் செம்மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் செங்கல்லாக இறுகிவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழு உரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு என்று கலந்து, 12 அங்குலத் தொட்டியில் ஒரு விசிறி நட்டால் நிம்மதியாக வளரும். இலை இவ்வளவு செழிப்பாக இருந்தும் பூவைக் காணோமே என்று யூரியா போடுகிறவர்கள் உண்டு. தழைச்சத்து ஏற ஏற இலைதான் வரும்.

தண்ணீர் விஷயம் பெங்களூரில் தனிக் கவலை. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் எடுத்துவைத்தால் சில தொட்டிகளுக்குப் போதும். ஆனால் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை நாள்தோறும் ஊற்றாதீர்கள். போர்வெல் தண்ணீரின் உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும். தொட்டி மண்ணில் படிந்து இலை நுனியைக் கருக்கும். மொட்டு பிடிக்கும் நேரத்தில் மண் காய்ந்தால் மொட்டு உதிரும். செப்டம்பர், அக்டோபர் மழையில் இதற்கு நேர்மாறான கவலை: தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள்.

மொட்டில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும். இலையைத் துணியால் துடைத்து ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் அது துரு நோய். அந்த இலைகளை வெட்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள், மட்கவைக்கும் தொட்டியில் போடாதீர்கள். மழைக்காலத்தில் வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தைகளை ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, கையுறை போட்டுப் பொறுக்குவதே நல்லது. வெறும் கையால் தொடாதீர்கள், அவை மனிதருக்கு நோய் தரும் புழுவைச் சுமக்கக்கூடியவை. சாப்பிடும் செடி இருக்கும் தொட்டியில் நத்தை மருந்து வேண்டாம்.

பச்சையாகத் தின்பது, அளவில்லாமல் தின்பது

வெளிநாட்டு வீடியோவில் முழுப்பூவை சாலட்டில் போட்டு அழகு காட்டுவார்கள். பச்சைப் பூவை நிறையத் தின்றால் சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகிறது. சீன வீடுகளில் புது மொட்டை வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஊறவைத்து, மறுபடி வேகவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். நாமும் அதையே செய்வோம்.

ஆரஞ்சு ரகம் காலையில் விரியும். முந்தின நாள் சாயங்காலமே, மறுநாள் விரியப்போகும் மொட்டு எது என்று பார்த்தாலே தெரியும்: விரல் நீளத்துக்கு வந்து, பச்சை மங்கி நிறம் ஏறி, நடுவில் உப்பியிருக்கும், ஆனால் நுனி மூடியே இருக்கும். அதைக் காம்போடு ஒடித்தால் ‘டக்’ என்று வரும். நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் மகரந்தத் தண்டுகளையும் நடு நரம்பையும் எடுத்துவிடுங்கள். வாழைப்பூவில் கள்ளன் எடுத்துப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அதையும் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மொட்டைப் போட்டு நன்றாக வேகவிட்டுத் தேங்காய்த் துருவல் தூவினால் பொரியல் தயார். இளம் பீன்ஸின் ருசி, மெல்லிய இனிப்பு, கொஞ்சம் வழுவழுப்பு. சாம்பார்ப் பொடியை அள்ளிப்போட்டால் இந்த ருசி காணாமல் போய்விடும். பாசிப்பருப்புக் கூட்டிலும் நன்றாக இருக்கும்.

முதல் தடவை ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று மொட்டுக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் பொறுத்து, வயிறு ஒத்துக்கொண்டால் கூட்டிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் தராமலிருப்பது நல்லது. வற்றலாகப் போட நினைத்தால் மொட்டை ஆவியில் வேகவைத்த பிறகே காயவையுங்கள், அதுவும் கோடை வெயிலில். மேகமூட்டத்தில் போட்டால் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். பிடித்ததை மொத்தமாகக் கொட்டிவிட வேண்டும்.

இளந்தளிரையும் வேரையும்கூடச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேர் வேண்டவே வேண்டாம். ஹெமரோகாலிஸில் சில இனங்களின் வேரைத் தின்ற ஆடுகளுக்குக் கண்பார்வை போயிருக்கிறது. தளிரை வெட்டினால் பூவும் குறையும். மொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூனை இருக்கும் வீட்டில் வைப்பது

மனிதர் சாப்பிடுகிற செடிதானே, பூனைக்கு என்ன ஆகிவிடும் என்று நினைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. டே லில்லியும் ஆசியாடிக் வகை லில்லிகளும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். இலையைக் கடிப்பதுகூட வேண்டாம். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூ வைத்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். வாந்தி, சோர்வு, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது என்று தொடங்கும். நடுவில் தேறினாற்போலத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. கடித்ததைப் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அந்த நிமிஷமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், செடியின் ஒரு இலையையும் கையோடு எடுத்துப்போங்கள். வீட்டில் பூனை இருந்தால் இந்தச் செடியே வேண்டாம். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பூனை உங்கள் பால்கனிக்கு வந்துபோகும் என்றாலும் அப்படித்தான்.

மூன்று நான்கு வருஷத்தில் தொட்டி நிறைந்து பூ குறையும்போது கொத்தைப் பிரிக்க வேண்டிவரும். அப்போது அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கு ஒரு விசிறி கொடுப்பீர்கள். சும்மா “லில்லிக்கா, நல்லா பூக்கும்” என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். டே லில்லி என்று பெயர் எழுதி ஒட்டுங்கள், வேரைக் காட்டுங்கள், சமைக்கிறதாக இருந்தால் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள், வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.